துணைக்குப் போன காலேஜ்

ஜனவரி 21, செவ்வாய்

இன்றைக்கு நான் காலேஜில் சேர்ந்தேன். வயது எழுபத்தாறு. படிப்பு எட்டாம் வகுப்பு, அதிலும் கணக்கு வாத்தியார் மனமிரங்கித் தள்ளிவிட்டது.

நான் சேர்ந்தது படிக்க அல்ல, காவலுக்கு. என் பேத்தி அமுதினிக்குப் பதினாறு வயது, பதினொன்றாம் வகுப்பு. இந்த ஹூஸ்டன் பக்கத்தில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளை சாயங்காலம் பக்கத்துக் காலேஜில் போய் ஒரு பாடம் படிக்கலாம். தேறினால் அது பள்ளிக்கூடத்துக்கும் சேரும், நாளைக்குக் காலேஜ் போகும்போது அங்கேயும் சேரும். டூயல் கிரெடிட் என்று பெயர். ஒரே டிக்கெட்டில் இரண்டு பஸ் ஏறுகிற மாதிரி. நான் தென்காசி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தபோது அப்படி ஒருத்தன் ஏறியிருந்தால் நடுவழியில் இறக்கிவிட்டிருப்பேன்.

அமுதினி எடுத்த பாடம் ஸ்பீச். நாலு பேர் முன்னால் நின்று பேசுவது. வீட்டில் இந்தப் பிள்ளை பேசுவது சுவருக்கே கேட்காது. நான் சுண்டெலி என்றுதான் கூப்பிடுவேன்.

“ஏட்டி சுண்டெலி, ஒனக்கு எதுக்கு இந்தப் பாடம்?” என்றேன்.

“மத்ததெல்லாம் ஃபுல் தாத்தா” என்றாள். எனக்கு நம்பிக்கையில்லை.

என் மகன் சங்கரநாராயணன் முதலில் முடியாது என்றுதான் சொன்னான். “அங்க நாப்பது வயசு ஆளுங்கள்லாம் படிக்க வருவாங்க. பொம்பளப் பிள்ளைய தனியா அனுப்ப மாட்டேன். அப்பா, நீங்க கூடப் போனா போகட்டும்.” அறுபத்தைந்து தாண்டியவர்கள் காசில்லாமல் உட்கார்ந்து கேட்கலாம் என்பதை மருமகள் ஜெயந்திதான் விசாரித்துச் சொன்னாள். என்னைக் கொஞ்ச நேரமாவது வெளியே அனுப்ப அவளுக்கும் ஒரு வழி வேண்டியிருந்தது.

அமுதினி கார் ஓட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து “போலாம் ரைட்” சொன்னேன்.

வாத்தியாரம்மா பெயர் மிஸ் வாக்கர். வெள்ளை முடி, நல்ல உயரம். மைக் இல்லாமலே பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்கிற குரல். எல்லாரும் நாட்குறிப்பு எழுத வேண்டுமாம். எந்தப் பாஷையிலும் எழுதலாம், யாரும் படிக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். அதனால்தான் இவ்வளவு தைரியமாக எழுதுகிறேன்.

ஜனவரி 23, வியாழன்

ஒவ்வொருவரும் தங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றார்கள். நான் குற்றால சீசனில் கூட்டத்துக்கு நடுவே டிக்கெட் கிழித்த கதையை, பாதி இங்கிலீஷிலும் பாதி கையாலும் சொன்னேன். விசிலும் அடித்துக் காட்டினேன். வகுப்பு உருண்டு சிரித்தது. கடைசியில், “இது என் பேத்தி, நான் இவளுக்குப் போலீஸ்” என்று அமுதினியைக் காட்டினேன். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. முகம் சிவந்து, மேசைக்குக் கீழே போய்விடுகிற மாதிரி உட்கார்ந்துகொண்டாள்.

ஜனவரி 29, புதன்

குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளினேன். பச்சைத் தொட்டிக்குப் பதில் நீலத்தைத் தள்ளிவிட்டேன். ஜெயந்தி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததே நன்றாகக் கேட்டது.

பிப்ரவரி 6, வியாழன்

வகுப்புக்கு நடுவில் இடைவேளை விடுவார்கள். எங்கள் வரிசையில் ரோசா என்று ஒரு மெக்சிகோக்காரி. நாற்பது வயதிருக்கும். காலையில் பேக்கரி வேலை, சாயங்காலம் படிப்பு. நர்ஸாகப் போகிறாளாம். அவள் கொண்டுவரும் பன்னை நாங்கள் மூன்று பேரும் பங்கு போடுவோம். மேலே சர்க்கரையில் சோழி மாதிரிக் கோடு போட்டிருக்கும். ரோசா என்னை அபுவேலோ என்பாள். அவர்கள் பாஷையில் தாத்தா. முதலில் ஏதோ திட்டுகிறாள் என்று நினைத்து நானும் பதிலுக்குத் தமிழில் ஒன்று சொல்லிவைத்தேன்.

அமுதினி அதைக் கேட்டுச் சத்தமாகச் சிரித்தாள். பன் துணுக்கு மூக்கில் ஏறி, ரோசா முதுகில் தட்ட வேண்டியதாகிவிட்டது. வீட்டில் இவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

முதல் பேச்சு. அமுதினி தரையைப் பார்த்துப் பேசினாள். தரைக்கு நன்றாகப் புரிந்திருக்கும். மிஸ் வாக்கர் சி போட்டார்.

காரில் ஏறியவள் சாவியைத் திருகவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள்.

“ஏட்டி, சி தானே? எனக்கு அந்தக் காலத்துல எழுத்தே கெடையாது, முட்டை மட்டுந்தான்” என்றேன்.

“உங்களுக்குத் தெரியாது தாத்தா. இந்த மார்க் காலேஜ் ரெக்கார்டுல எப்பவும் இருக்கும். அழிக்கவே முடியாது. மொத்தத்துல பி வந்தாத்தான் அடுத்த வருஷம் ஃபுல்லா இங்க விடுவாங்க. பன்னெண்டாவது பூராவும் காலேஜ்லயே. ஸ்கூலுக்கே போக வேண்டாம்.”

“ஸ்கூலுக்குப் போனா என்னவாம்?”

“ஒன்னுமில்ல.”

மூக்கைத் துடைத்துக்கொண்டு, “நான் அழுதேன்னு அப்பாட்ட சொல்லாதீங்க” என்றாள். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

காலேஜ் விடுமுறை. அமுதினி கராஜில் கதவைச் சாத்திக்கொண்டு பேசிப் பழகுகிறாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் துணி மடித்தேன். ஒட்டுக் கேட்கவில்லை. துணிதான் நிறைய இருந்தது.

“தாத்தா, கதவுக்குக் கீழ உங்க கால் தெரியுது” என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

மார்ச் 27, வியாழன்

மாவு புளிக்கவில்லை. ஏசியைக் கூட்டிவைத்தது யார் என்று விசாரணை நடந்தது. நான் தூங்குவது போலக் கிடந்தேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்று இரண்டாவது பேச்சு. தினமும் செய்கிற ஒரு காரியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பையன் நாயைக் கூட்டிப்போவதைச் சொன்னான். ரோசா மாவு பிசைவதைச் சொன்னாள். அடுத்து அமுதினி.

கையில் இருந்த சீட்டை மேசையில் கவிழ்த்து வைத்தாள். சுவரைப் பார்த்தாள், பிறகு எங்களைப் பார்த்தாள். தான் தினமும் மத்தியானச் சாப்பாடு சாப்பிடுகிற இடத்தைப் பற்றிச் சொல்லப்போவதாக ஆரம்பித்தாள்.

பள்ளிக்கூடத்தில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற பெரிய கூடம் இருக்கிறதாம். இவளோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரே சிநேகிதி ஒன்பதாம் வகுப்பில் வேறு ஊர் போய்விட்டாள். அதற்கப்புறம் எந்த மேசைக்குப் போனாலும், இங்கே ஆள் வருகிறது என்பார்களாம். அதனால் நூலகத்துக்குப் பின்னால் ஒரு படிக்கட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். எந்த மாதம் எந்தப் படிக்கு வெயில் வரும் என்று அவளுக்குத் தெரியுமாம். அங்கே ஒரு பல்லி வரும். அதற்குப் பிரின்சிபால் என்று பெயர் வைத்திருக்கிறாள். தினமும் வந்து எட்டிப் பார்க்கும், ஒன்றும் செய்யாமல் போய்விடும். வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கும்வரை பேச்சை நிறுத்திக் காத்திருந்தாள். எங்கே நிறுத்த வேண்டும் என்று இந்தச் சுண்டெலிக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

இந்த வகுப்பில் பன்னைப் பங்கு போட்டுச் சாப்பிடும்போதுதான், சாப்பாட்டுக்குச் சத்தம் உண்டு என்பது ஞாபகம் வந்தது என்று சொல்லி முடித்தாள்.

எனக்கு இங்கிலீஷ் முழுக்க விளங்காது. இது விளங்கியது.

எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மிஸ் வாக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு வழக்கம்போல ஒவ்வொருவராகக் கருத்துச் சொல்ல வேண்டும். அற்புதம் என்றான் ஒருவன். இப்படி ஒரு பேச்சைக் கேட்டதில்லை என்றாள் ஒருத்தி. ஒரு வாய் பாக்கியில்லை. இத்தனை கண்ணும் ஒரு பிள்ளை மேல் விழுந்தால் தாங்குமா?

நம் பிள்ளையை அடுத்தவர் புகழ்ந்தால் வீட்டுப் பெரியவன் செய்ய வேண்டியதை நான் செய்தேன். இரண்டு குறை சொல்லி அந்தப் புகழைத் தட்டிவிட வேண்டும். என் அப்பா எனக்குச் செய்தார். சங்கரன் பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே முதலாக வந்து தெருவே வாசலில் நின்றபோது, “பரீட்சை லேசா இருந்திருக்கும்” என்று நான் சொன்னேன். அவன் இன்றைக்கு அமெரிக்காவில் நன்றாகத்தானே இருக்கிறான்?

என் முறை வந்தது. எழுந்து நின்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். இது ஒன்றும் பெரிய பேச்சில்லை. குரல் போதாது. வீட்டில் எலி மாதிரிதான் இருப்பாள். போன தடவை சி வாங்கிக் காரில் உட்கார்ந்து அழுதாள். பத்துக்கு நாலு போடலாம்.

சிரிப்பார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. இந்த ஊர்க்காரர்களுக்கு வேடிக்கை கொஞ்சம் மட்டுதான். ஆனால் கண்ணு கழிந்தது. அது போதும்.

வரும்போது அமுதினி காரில் பேசவே இல்லை. அவ்வளவு பேசினால் களைப்பு இருக்கத்தானே செய்யும்.

ஏப்ரல் 10, வியாழன்

இன்றைக்கு அமுதினி என் பக்கத்தில் உட்காராமல் ஜன்னல் ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். காற்று வேண்டியிருந்திருக்கும். அது திறக்காத ஜன்னல்.

இடைவேளையில் தலைவலி என்று காருக்குப் போய்விட்டாள். ரோசா இன்று வரவில்லை. பன்னும் இல்லை.

ஏப்ரல் 12, சனி

காலையில் இட்லித் தட்டு காலியாவதற்குள் சண்டை. ஸ்பீச் பாடத்தை விட்டுவிடப்போவதாக அமுதினி சொன்னாள். விடுவதற்கு இந்த மாதக் கடைசிவரை நாள் இருக்கிறதாம்.

“விட்டா அடுத்த வருஷம் காலேஜ் கெடையாதுன்னு நீதானே சொன்ன?” என்றான் சங்கரன்.

“வேண்டாம். ஸ்கூலுக்கே போறேன்.”

“இத்தன நாள் காலேஜ் காலேஜ்னு உயிர எடுத்த. இப்ப என்ன? நல்லா பேசலியா?”

“நல்லாப் பேசல. நாலு மார்க்.” சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

“யாரு போட்டாங்க நாலு மார்க்? வாத்திச்சியா?” என்று ஜெயந்தி கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. சங்கரன் என் பக்கம் திரும்பினான்.

“அங்க என்னப்பா நடந்துச்சு? அவ எதப் பத்திப் பேசினா?”

“எனக்கு எங்கடா இங்கிலீஷ் தெரியும்? ஏதோ சொன்னா” என்றேன். படிக்கட்டை அவள் இவர்களிடம் சொல்லவில்லை. நான் எதற்குச் சொல்ல வேண்டும்?

இட்லி இன்றைக்குக் கல்லாக இருந்தது. நான் ஒன்றும் குறை சொல்லவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

அமுதினி வகுப்புக்கு வந்தாள், ஆனால் பேருக்கு. இடைவேளையில் மறுபடியும் காருக்குப் போனாள். ரோசா பன் பொட்டலத்தைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள். அவள் சொன்னதை எனக்கு விளங்கின தமிழில் எழுதுகிறேன்.

“அபுவேலோ, அந்தப் புள்ள உங்களுக்கு என்ன செஞ்சா?”

“ஒன்னும் செய்யலியே. ஏன்?”

“அப்புறம் எதுக்கு எல்லார் முன்னாடியும் அவள அப்படி மிதிச்சீங்க?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மிதிப்பதாவது! கண்ணைக் காட்டி, கையைச் சுற்றி, துப்பிக்காட்டி, எனக்குத் தெரிந்த எல்லா வார்த்தையையும் போட்டு விளக்கினேன். “ஓஹோ, கண்ணா?” என்று ரோசா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

“எங்க ஊர்லயும் கண்ணு உண்டு. ஆனா நாங்க திட்ட மாட்டோம். அழகா இருக்கேன்னு வாய்விட்டுச் சொல்லுவோம், சொல்லிட்டுப் புள்ள தலைய ஒரு தடவ தொட்டுருவோம். தொட்டா கண்ணு ஒட்டாது.”

புகழ்ந்ததும் ஆச்சு, கண்ணும் படாது. மெக்சிகோக்காரர்கள் கெட்டிக்காரர்கள்தான்.

“அது சரி, அவ அழுதத ஏன் சொன்னீங்க? அதுவும் கண்ணுக்கா?” என்றாள் ரோசா.

அதற்கு எனக்கு இங்கிலீஷ் வார்த்தை வரவில்லை. தமிழிலும் யோசித்துப் பார்த்தேன்.

ஏப்ரல் 17, வியாழன்

காலேஜ் வாசலில் காரை நிறுத்தியதும், ரோசா சொன்ன மாதிரி அமுதினி தலையில் கையை வைத்தேன்.

“நீ அன்னைக்கு நல்லாப் பேசுனட்டி.”

“முடி கலையுது. கைய எடுங்க.”

எடுத்தேன்.

“இத ஏன் இப்பச் சொல்றீங்க? கார்ல யாரு இருக்கா கேக்க?” என்றாள். குரல் ஒன்றும் சுண்டெலிக் குரலாக இல்லை. “நான் அழுதத மட்டும் எல்லார் முன்னாடியும் சொன்னீங்கல்ல?”

“கண்ணு பட்ருமேன்னு...”

“எனக்குத் தெரியும் தாத்தா. அப்பாவும் அதான் செய்வாரு. யாரு வந்தாலும், அவ சுமார்தான், அவளுக்கு ஒன்னும் தெரியாது. ஏன் சொல்றாருன்னு எனக்கு நல்லாத் தெரியும். ஆனா சின்னதுல இருந்து கேட்டுக் கேட்டு நான் சுமார்னே நெனச்சிட்டேன். அன்னைக்கு அவங்க கைதட்டுனப்ப மட்டும் கொஞ்ச நேரம் அப்படி நெனக்கல. அப்ப நீங்க எந்திரிச்சீங்க.”

அவள் இறங்கிக் கதவைச் சாத்தினாள். ஓங்கிச் சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள்.

இன்றைக்கு முட்டி வலி அதிகம். நிறைய எழுத முடியவில்லை.

ஏப்ரல் 19, சனி

வலி இருக்கிறது.

ஏப்ரல் 22, செவ்வாய்

மிஸ் வாக்கர் வகுப்பு முடிந்ததும் அமுதினியைக் கூப்பிட்டு வைத்துப் பேசினார். நான் கார் பக்கத்தில் நின்றேன். வந்தவள் நேராக என்னிடம் சொன்னாள்.

“கோர்ஸ விடல. கடைசிப் பேச்சு பேசறேன். அதுல நல்ல மார்க் வந்தா பி வரும்.”

“சபாஷ்.”

“ஆனா நீங்க உள்ள இருக்கக் கூடாது. அன்னைக்கு மட்டும் வெளிய உக்காருங்க.”

வகுப்பில் என் நாற்காலிக்கு ஒரு இடம் உண்டு. இரண்டாவது வரிசை, ரோசாவுக்குப் பக்கத்தில், நாய்க்காரப் பையனுக்கு முன்னால். நான் வந்து உட்காராமல் மிஸ் வாக்கர் பாடத்தை ஆரம்பிப்பதில்லை.

“அதுக்கென்னட்டி, காவக்காரன் வாசல்லதானே இருக்கணும்?” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பு வந்தால்தான் அப்படிக் கடிப்பாள்.

மே 1, வியாழன்

கராஜில் மறுபடியும் ஒத்திகை நடக்கிறது. இன்றைக்கும் துணி மடிக்க வேண்டியிருந்தது. மாடியில் வைத்து மடித்தேன்.

மே 6, செவ்வாய்

வகுப்பு வாசலில் ஒரு பெஞ்சு இருக்கிறது. அங்கே உட்கார்ந்தேன். மிஸ் வாக்கர் வந்து உள்ளே கூப்பிட்டார். வெளியே காற்று நன்றாக இருக்கிறது என்றேன். அவர் ஏசி வராந்தாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். கதவு மூடிக்கொண்டது.

கனமான கதவு. பேச்சு கேட்காது. கைதட்டல் மட்டும் கேட்கும். நாய்க்காரப் பையன் முடித்தான். ரோசா முடித்தாள். அப்புறம் சத்தமே இல்லை. அமுதினி எழுந்து போயிருப்பாள். நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று உள்ளே சிரிப்பு. கொஞ்ச நேரம் சத்தமில்லை. மறுபடியும் சிரிப்பு, இந்தத் தடவை மேசையைத் தட்டிக்கொண்டு. அது எனக்குத் தெரிந்த சிரிப்பு. முதல் வாரம் நான் விசிலடித்தபோது வந்த அதே சிரிப்பு. பிறகு நெடுநேரம் அமைதி. நான் எழுந்து நின்றுவிட்டேன். அதற்கப்புறம் கைதட்டல் வந்தது. நிற்கவே இல்லை.

வகுப்பு கலைந்து அமுதினி வெளியே வந்தாள்.

“எதப் பத்திட்டி பேசுன?”

“உங்களப் பத்தி.”

“நல்லதாவா, கெட்டதாவா?”

“அது உள்ள இருந்தவங்களுக்குத்தான் தெரியும்” என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

இந்தக் குசும்பு இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ரோசா பின்னால் வந்தாள். கண் சிவந்திருந்தது. என் தலையை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனாள். நாய்க்காரப் பையனிடம் கேட்டேன். அவன், “சொல்லக் கூடாதுன்னு அவ சொல்லிட்டா” என்று கையை விரித்தான். வகுப்பையே விலைக்கு வாங்கிவிட்டாள்.

மே 14, புதன்

பி வந்துவிட்டது. முதலில் என்னிடம்தான் போனைக் காட்டினாள். எனக்கு எழுத்து சரியாகத் தெரியவில்லை, கண்ணாடி மாடியில் இருந்தது. அதனால் கண்ணில் தண்ணீர்.

சங்கரன் ஆபீஸிலிருந்து வந்ததும் சொன்னாள். “பி தானா? ஏ வரலியா?” என்றான். பிறகு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, “ஏ ஜெயந்தி, பி வாங்கிட்டா, பி வாங்கிட்டா!” என்று அவன் குதித்தது கீழே வரைக்கும் கேட்டது. அமுதினி அப்போது வெளியே செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்காது.

குப்பைத் தொட்டி இரண்டையும் சரியாகத் தள்ளினேன்.

மே 17, சனி

ராத்திரிச் சாப்பாட்டுக்கு சங்கரனோடு வேலை பார்க்கிற தெய்வசிகாமணியும் அவர் மனைவி லலிதாவும் வந்திருந்தார்கள். ஜெயந்தி தோசை வார்த்தாள். அமுதினி கொண்டுவந்து போட்டாள்.

“அடுத்த வருஷம் உங்க பொண்ணு காலேஜ்லயே படிக்கப் போறாளாமே? எம் பையன் அந்த வயசுல காலைல எந்திரிக்கவே மாட்டான்” என்றார் தெய்வசிகாமணி.

“அட நீங்க வேற சார்” என்றான் சங்கரன். “அது ஒரு ஈசியான கோர்ஸ். அதுலயும் பி தான். இவளுக்கு நாலு பேரு முன்னாடி வாயே தெறக்க வராது. அப்பா கூடப் போய் உக்காந்ததுனால ஏதோ தேறினா. அடுத்த வருஷமும் அப்பாதான் தெனம் கூடப் போகணும்.”

அமுதினி தெய்வசிகாமணி தட்டில் தோசையைப் போட்டாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கேட்டுப் பழகிய முகம். கரண்டியை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

ஒவ்வொரு நாளும் கூடப் போவது என்றால் எனக்கு என்ன கசக்குமா? அடுத்து என்ன பாடம் எடுக்கலாம் என்றுகூட மனதுக்குள் வைத்திருந்தேன். மிஸ் வாக்கர் இலையுதிர் காலத்தில் நாடகம் நடத்தப்போகிறாராம்.

“பொய் சொல்லுதான்” என்றேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஏதோ வேடிக்கை சொல்லப்போகிறேன் என்று தெய்வசிகாமணி சிரிக்கத் தயாரானார்.

“நான் கூட உக்காந்ததுனால ஒன்னும் அவ தேறல. கடைசிப் பேச்சுக்கு நான் வெளிய பெஞ்சுல கெடந்தேன். அவளாத்தான் நின்னா, அவளாத்தான் பேசுனா. என் பேத்தி ரொம்ப நல்லாப் பேசுவா. ஆயுசு பூரா கூட்டத்துக்கு நடுவுல நின்னவன் நான், எத்தனையோ பேரு பேசிக் கேட்ருக்கேன். இவள மாதிரி நிமிந்து நின்னு உள்ளத உள்ளபடி சொல்லுத ஆள நான் பாக்கல. எங்க வம்சத்துலயே கெடையாது, என்னயும் சேத்துத்தான். சுமாரு இல்ல அவ.”

“அப்பா” என்றான் சங்கரன்.

“இரு, முடிக்கல. அடுத்த வருசம் அவளே காரோட்டிட்டுப் போவா. தொணைக்கு ஆள் வேண்டாம். நான் போகல.”

தோசைக் கல்லில் தோசை கருகும் வாசம் வந்தது. ஜெயந்தி கையில் கரண்டியோடு அடுக்களை வாசலில் நின்றாள். முகம் வெளிறிப்போயிருந்தது. “மாமா! அதுவும் வெளியாளுங்க முன்னாடி!” என்றவள், அடுத்த நிமிஷம் உப்பும் மிளகாயும் அள்ளிக்கொண்டு ஓடிவந்து அமுதினியின் தலையைச் சுற்றினாள். விருந்தாளிகள் முன்னால் சுற்றுகிறோமே என்ற வெட்கம்கூட அவளுக்கு இல்லை. லலிதா அம்மாளுக்கு இதில் வருத்தமும் இல்லை. “நல்லா சுத்துங்க, என் கண்ணும் சேத்துப் போகட்டும்” என்றாள்.

சுற்றியதை அடுப்பில் போட்டாள். காரமான மிளகாய். வீட்டிலிருந்த புகை மணி அத்தனையும் ஒரே நேரத்தில் அலற ஆரம்பித்தது. தெய்வசிகாமணி இருமிக்கொண்டே கதவைத் திறந்தார். சங்கரன் நாற்காலி மேல் ஏறி நின்று துண்டால் விசிறினான். கண்ணில் தண்ணீர் ஓட ஓட என்னைக் குனிந்து பார்த்தான்.

“இந்த மாதிரிப் பேச உங்களுக்கு எப்பருந்துப்பா வந்துச்சு?” என்றான்.

கோபமாகவும் கேட்கவில்லை, சிரித்தும் கேட்கவில்லை. அவன் துண்டை விசிறுவதை நிறுத்திவிட்டுப் பதிலுக்கு நின்றான். நான் இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டேன்.

எல்லாரும் போன பிறகு அமுதினி சட்டி கழுவினாள். நான் துடைத்தேன். வீடு முழுக்க இன்னும் மிளகாய் நெடி.

“தாத்தா, சாப்பிடும்போது நீங்க என்ன சொன்னீங்க? அலாரம் சத்தத்துல எனக்கு ஒன்னும் கேக்கல” என்றாள்.

அலாரம் அடித்தது நான் பேசி முடித்த பிறகுதான். கள்ளி. இருந்தாலும் முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன்.